அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியின் வெற்றி: வெளிப்படுத்தின விசேஷத்தை அடையாளமாக வாசிப்பது நம்பிக்கையைக் குறைக்கிறதா?

கேள்வி இது: வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம், அர்மகெதோன், ஆயிரம் வருட அரசாட்சி ஆகியவற்றை அடையாளங்களாக எடுத்துக்கொண்டால், தேவன் தீமையை மெய்யாகவே வென்று முடிப்பார் என்ற வாக்குத்தத்தம் வெறும் உருவகமாகக் கரைந்துபோகாதா? கரையாது என்றால் அந்த வெற்றி எப்போது, எவ்விதமாக நிகழ்கிறது? இந்தப் புத்தகத்தை வாசிக்கப் பழகுகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளமாக வாசிப்பதால் வாக்குத்தத்தம் கரைவதில்லை. அந்த வெற்றி எத்தன்மையது என்பது அப்போதுதான் துலங்குகிறது. யோவான் கண்ட தரிசனங்களின் நடுவில் நிற்பவர் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியானவர். வலுசர்ப்பமும் மிருகமும் பாபிலோனும் கடைசியில் மரணமும் அவருக்கு முன்பாக வீழ்வதைத்தான் புத்தகம் பல கோணங்களிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அவர் எப்படி வென்றார் என்பதை விட்டுவிட்டு, எப்போது வெல்வார் என்று மட்டும் கணக்குப் போடத் தொடங்கும்போது வாசிப்பு தடம் புரண்டுவிடுகிறது.

அடையாள வாசிப்பு என்பது கடினமான வசனங்களிலிருந்து நழுவிக்கொள்ளப் பிற்காலத்தார் கண்டுபிடித்த வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்துக்குப் புத்தகமே இடம் தரவில்லை. முதல் அதிகாரம் முடிவதற்குள்ளாகவே, ஏழு நட்சத்திரங்கள் ஏழு சபைகளின் தூதர்கள் என்றும் ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்றும் கிறிஸ்துவே விளக்கம் சொல்கிறார். பன்னிரண்டாம் அதிகாரத்தில் வலுசர்ப்பம் என்பது பிசாசும் சாத்தானுமாகிய பழைய பாம்பு என்று சொல்லப்படுகிறது. பதினேழாம் அதிகாரத்தில் ஏழு தலைகள் ஏழு மலைகள், பத்துக் கொம்புகள் பத்து ராஜாக்கள், திரளான தண்ணீர்கள் ஜனங்களும் கூட்டங்களும் என்று தேவதூதன் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டுகிறான். பதினோராம் அதிகாரத்தில் இரண்டு சாட்சிகளின் உடல்கள் கிடக்கும் மகா நகரம் "ஞானார்த்தமாக" சோதோம் என்றும் எகிப்து என்றும் அழைக்கப்படுகிறது. இத்தனை இடங்களில் தன் சாவியைத் தானே கையில் கொடுக்கும் ஒரு புத்தகத்தை, எங்கெல்லாம் சாவி தரப்படவில்லையோ அங்கெல்லாம் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது நியாயமான விதியாகத் தோன்றவில்லை.

இந்தப் புத்தகம் முதலில் யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ரோம அரசின் ஆசியா மாகாணத்தில் இருந்த எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்னும் ஏழு நகரங்களின் சபைகளுக்கு, பத்மு தீவில் இருந்த யோவான் எழுதி அனுப்பினார். பேரரசன் டொமிஷியனுடைய ஆட்சியின் முடிவில் இந்தத் தரிசனம் காணப்பட்டது என்று இரண்டாம் நூற்றாண்டின் சபைத் தலைவர் இரேனியஸ் எழுதியிருக்கிறார். அதன்படி சுமார் கி.பி. 95 என்பது பெரும்பாலோர் ஏற்கும் காலம். நீரோ இறந்த கி.பி. 68ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டிருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எந்தக் காலமானாலும், அந்த நகரங்களில் பேரரசனை வணங்குவது ஊர்ப் பொதுவாழ்வோடு பின்னிப்பிணைந்திருந்தது. பெர்கமுவில் ரோமாபுரிக்கும் அகஸ்துவுக்கும் கோயில் கட்ட கி.மு. 29இலேயே அனுமதி கிடைத்திருந்தது. "சாத்தானுடைய சிங்காசனமிருக்கிற" இடம் என்று கிறிஸ்து சொல்வதும், உண்மையுள்ள சாட்சியாகிய அந்திப்பா கொல்லப்பட்டதும் அதே ஊரில்தான். சில ஆண்டுகளுக்குப் பிறகு, சுமார் 112இல், பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், தான் கிறிஸ்தவர்களைச் சோதிக்கும் முறையை விவரிக்கிறார்: பேரரசனுடைய சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபிக்கிறவர்கள் விடுவிக்கப்பட்டார்கள், மறுப்பதில் உறுதியாக நின்றவர்கள் மரணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மிருகத்தின் சொரூபத்தை வணங்காதவர்கள் கொல்லப்படுவார்கள் என்ற வசனத்தை அந்தச் சபைகளில் ஒருவர் உரக்க வாசித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் பொருள் தொலைதூர எதிர்காலத்துப் புதிராகத் தோன்றியிருக்க முடியாது.

மிருகத்தின் இலக்கம் என்று பதின்மூன்றாம் அதிகாரம் சொல்லும் 666 என்ற எண்ணையும் இந்தச் சூழலில் வைத்துப் பார்ப்பது நல்லது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டதால், எந்தப் பெயரையும் கூட்டித் தொகையாகச் சொல்ல முடியும். "நீரோன் கேசர்" என்ற பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200 என்று வந்து, கூட்டுத்தொகை 666 ஆகிறது. கடைசி "ன்" இல்லாமல் இலத்தீன் வழக்கப்படி "நீரோ" என்று எழுதினால் 50 குறைந்து 616 வருகிறது. எகிப்தின் ஒக்சிரிங்கஸில் கிடைத்த மிகப் பழைய பாப்பிரஸ் துண்டு ஒன்றில் 666க்குப் பதிலாக 616 என்றே இருக்கிறது. அப்படிப்பட்ட பிரதிகள் உலவியதை இரேனியஸும் அறிந்திருந்தார், அதை எழுத்துப்பிழை என்று ஒதுக்கினார். இரண்டு தொகைகளும் ஒரே பெயரின் இரண்டு எழுத்து வடிவங்களுக்குப் பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் கருத்து. நீரோ சாகவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாக இருந்தது; சாவுக்கேதுவான காயம் ஆறின தலையைப் பற்றிய வசனத்தின் பின்னணியில் அந்த வதந்தியும் இருக்கலாம். அதே இரேனியஸ், தெரிந்த சில பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அவசரப்பட்டு ஒரு பெயரை அறிவிப்பதைவிடக் காத்திருப்பதே பாதுகாப்பானது என்று முடித்திருக்கிறார். ஒவ்வொரு தலைமுறையிலும் தனக்குப் பிடிக்காத அரசியல் தலைவரின் பெயரைக் கூட்டிப் பார்த்தவர்கள் இந்த எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் சபை எவ்வளவோ அவமானத்திலிருந்து தப்பியிருக்கும்.

ஆனால் மிருகம் என்றால் நீரோ, அதோடு விஷயம் முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் அடையாளத்தின் ஆழம் தெரிகிறது. தானியேல் ஏழாம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து நான்கு மிருகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன: சிங்கம், கரடி, சிவிங்கி, பத்துக் கொம்புள்ள பயங்கரமான நான்காம் மிருகம். அவை அடுத்தடுத்து எழும்பும் ராஜ்யங்கள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. யோவான் காணும் மிருகத்துக்குச் சிவிங்கியின் உருவமும் கரடியின் கால்களும் சிங்கத்தின் வாயும் பத்துக் கொம்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. தானியேல் தனித்தனியாகக் கண்ட நான்கும் ஒரே உடலில் கூடியிருக்கின்றன. அந்த மிருகம் ரோமாபுரியின் முகத்தோடு வந்தாலும், தேவனுக்குரிய வணக்கத்தைத் தனக்கென்று கேட்டு மனிதரை நசுக்கும் எல்லா அரச அதிகாரத்தின் முழு வடிவமும் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே முதல் வாசகர்கள் அதை ரோமாபுரியாக அடையாளம் கண்டதும் சரி, வேறு காலங்களில் துன்பப்பட்ட விசுவாசிகள் தங்கள் காலத்துக் கொடுங்கோலை அதில் கண்டதும் சரி. மிருகம் போலி என்பதையும் யோவான் உன்னிப்பாகக் காட்டுகிறார். ஆட்டுக்குட்டி அடிக்கப்பட்டதாய் நிற்கிறது. மிருகத்தின் ஒரு தலையும் சாவுக்கேதுவாய்க் காயப்பட்டிருக்கிறது. தேவனுடைய ஊழியக்காரருக்கு நெற்றியில் முத்திரை. மிருகத்தைச் சேர்ந்தவர்களுக்கும் நெற்றியிலோ கையிலோ முத்திரை. தேவன் இருக்கிறவரும் இருந்தவரும் வருகிறவருமானவர். மிருகமோ முன்னே இருந்தது, இப்போது இல்லை, இனி ஏறிவந்து நாசமடையப்போவது. தீமைக்குச் சொந்தமாக எதையும் படைக்கத் தெரியாது, இருப்பதைத் திரித்துக் காட்டத்தான் தெரியும் என்பதை இந்தப் புத்தகத்தைப்போல் கூர்மையாகச் சொன்ன வேதபகுதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி, வெற்றியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதில் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது, ஆயிரம் வருடத்தைப் பற்றிப் பேசும் இருபதாம் அதிகாரத்தில் அல்ல. சிங்காசனத்தில் வீற்றிருப்பவரின் வலதுகரத்தில் ஏழு முத்திரைகளால் முத்திரிக்கப்பட்ட புஸ்தகம் இருக்கிறது. அதைத் திறக்கப் பாத்திரவான் ஒருவனும் காணப்படாததால் யோவான் மிகவும் அழுகிறார். உலகத்தில் அநியாயம் நடக்கும்போது தேவனுடைய நோக்கம் முத்திரையிட்டு மூடிக்கிடப்பதாகத் தோன்றும் வேதனைதான் அந்த அழுகை என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்போது மூப்பர்களில் ஒருவன், "நீ அழவேண்டாம், இதோ, யூதா கோத்திரத்துச் சிங்கமும் தாவீதின் வேருமானவர்" ஜெயங்கொண்டிருக்கிறார் என்கிறான். யோவான் காதால் கேட்டது சிங்கம். கண்ணைத் திருப்பிப் பார்த்தபோது சிங்காசனத்தின் மத்தியில் நின்றதோ, அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஓர் ஆட்டுக்குட்டி. அதன் பிறகு கிறிஸ்து இந்தப் புத்தகத்தில் ஒரு முறைகூடச் சிங்கம் என்று அழைக்கப்படுவதில்லை; ஆட்டுக்குட்டி என்ற பெயரோ அவருக்கு 28 முறை வருகிறது. யாக்கோபின் ஆசீர்வாதம் முதல் இஸ்ரவேல் எதிர்பார்த்த வெற்றிவேந்தன் இவர்தான், ஆனால் அவர் வென்ற வழி தன்னைத்தானே பலியாகக் கொடுத்த வழி. ஏழு கொம்புகள் என்றால் முழுமையான வல்லமை. அந்த வல்லமையை உடையவர் அடிக்கப்பட்டவராக நிற்கிறார். பரலோகத்தின் புதுப்பாட்டு இதையே காரணமாகச் சொல்கிறது: நீர் அடிக்கப்பட்டு, சகல கோத்திரங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து எங்களை உம்முடைய இரத்தத்தினாலே மீட்டுக்கொண்டீர், ஆகையால் முத்திரைகளை உடைக்கப் பாத்திரராயிருக்கிறீர்.

காதால் ஒன்றைக் கேட்டுக் கண்ணால் வேறொன்றைக் காணும் இந்த அமைப்பு ஏழாம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. முத்திரையிடப்பட்டவர்களின் தொகை இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்று யோவான் கேட்கிறார். கோத்திரத்துக்குப் பன்னீராயிரமாக எண்ணப்படும் அந்தப் பட்டியல், எண்ணாகமத்தில் யுத்தத்துக்குப் புறப்படுகிறவர்களை எண்ணிய படைக்கணக்கை ஒத்திருக்கிறது. அதற்குப் பின் அவர் பார்க்கும்போது, ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டம், வெள்ளை அங்கிகளைத் தரித்து, குருத்தோலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர்கள் தங்கள் அங்கிகளை ஆட்டுக்குட்டியானவருடைய இரத்தத்திலே தோய்த்து வெளுத்தவர்கள். அதுதான் அவருடைய படை. இந்தத் தொகையைத் தங்கள் இயக்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கையாக உரிமை கோரிய குழுக்கள் எல்லாம், அடுத்த சில வசனங்களைத் தாண்டி வாசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் அதிகாரம் சாத்தானின் தோல்வியை நேரடியாகக் காட்டுகிறது. சூரியனை அணிந்திருந்த ஸ்திரீ ஆண்பிள்ளையைப் பெறுகிறாள். விழுங்கக் காத்திருந்த வலுசர்ப்பத்தின் கைக்கு எட்டாமல் பிள்ளை சிங்காசனத்தினிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பரலோகத்தில் யுத்தம் உண்டாகி, வலுசர்ப்பம் தள்ளப்படுகிறது. ஏதேனில் ஸ்திரீயின் வித்தைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தையின் நிறைவேறுதலாகவே இதைச் சபை தொடக்கம் முதல் வாசித்திருக்கிறது. தள்ளப்பட்டவனை யார், எதனால் வென்றார்கள் என்று பதினோராம் வசனம் சொல்கிறது: ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும், தங்கள் சாட்சியின் வசனத்தினாலும், தங்கள் ஜீவனையும் பாராமல் இருந்ததினாலும் பரிசுத்தவான்கள் அவனை ஜெயித்தார்கள். இரவும் பகலும் குற்றஞ்சுமத்தினவன் தள்ளப்பட்டான் என்பதையும் கவனிக்க வேண்டும். சிலுவை பாவத்தின் கடனைத் தீர்த்துவிட்டபின் குற்றஞ்சாட்டுகிறவனுக்கு நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. "இப்பொழுது இந்த உலகத்தின் அதிபதி புறம்பாகத் தள்ளப்படுவான்" என்று இயேசு தம் பாடுகளுக்குச் சற்று முன்பு சொன்னதும், துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் அவர் உரிந்துகொண்டு சிலுவையிலே வெற்றிசிறந்தார் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதும் இதே செய்திதான். அப்படியானால் உலகத்தில் இன்னும் ஏன் இத்தனை தீமை என்று கேட்டால், அதே அதிகாரம் பதில் தருகிறது: பிசாசு தனக்குக் கொஞ்சக்காலமாத்திரம் உண்டென்று அறிந்து, மிகுந்த கோபங்கொண்டிருக்கிறான். தோற்றவனின் வெறி அது. அதன் வலியை யோவான் ஒருபோதும் குறைத்துச் சொல்வதில்லை. பலிபீடத்தின் கீழிருந்து கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கூப்பிடுவதை அவர் எழுதாமல் விடவில்லை.

இதே கண்ணோடு பத்தொன்பதாம் அதிகாரத்தை வாசித்தால், பலரும் எதிர்பார்க்கும் பெரும்போர் அங்கே விவரிக்கப்படவே இல்லை என்பது தெரியும். பரலோகம் திறந்திருக்கிறது, வெள்ளைக்குதிரையின்மேல் உண்மையும் சத்தியமுமுள்ளவர் வருகிறார். அவருடைய வஸ்திரம் இரத்தத்தில் தோய்க்கப்பட்டிருக்கிறது. ஒரு சத்துருவும் வெட்டப்படுவதற்கு முன்பே, போர் தொடங்குவதற்கு முன்பே, அது இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. ஏசாயா 63இல் திராட்ச ஆலையை மிதித்து வருகிறவருடைய வஸ்திரத்தில் சத்துருக்களின் இரத்தம் தெறித்திருப்பதை வைத்து, இங்கும் அதுவே பொருள் என்று சில உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆலையை மிதிக்கிறார் என்ற சொற்றொடர் இங்கேயும் வருவதால் அந்த வாசிப்பு ஆதாரமற்றதல்ல. ஆயினும், இந்தப் புத்தகத்தில் ஜெயமும் மீட்பும் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தோடே பிணைக்கப்பட்டிருப்பதால், அவர் தம்முடைய சொந்த இரத்தத்தின் அடையாளத்தோடு வருகிறார் என்றே நான் வாசிக்கிறேன். அவரைப் பின்செல்லும் சேனைகள் வெண்மையும் சுத்தமுமான மெல்லிய வஸ்திரம் தரித்திருக்கின்றன. அவர்கள் கையில் ஆயுதம் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. ஒரே பட்டயம்தான் அங்கே இருக்கிறது, அதுவும் அவருடைய வாயிலிருந்து புறப்படுகிறது. அவருடைய நாமம் தேவனுடைய வார்த்தை. மேசியா தமது வாயின் கோலால் பூமியை அடிப்பார் என்ற ஏசாயா 11இன் வாக்கு இங்கே உருப்பெறுகிறது. பூமியின் ராஜாக்கள் யுத்தம்பண்ணக் கூடிவருகிறார்கள். அடுத்த வசனத்திலேயே மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் பிடிக்கப்பட்டாயிற்று. நடுவில் போர்க்களம் இல்லை. வார்த்தையால் உலகத்தை உண்டாக்கினவர், வார்த்தையால் பொய்யை நியாயந்தீர்க்கிறார்.

அர்மகெதோனும் அப்படித்தான். பதினாறாம் அதிகாரத்தில் ராஜாக்கள் அந்த இடத்தில் கூட்டிச் சேர்க்கப்படுகிறார்கள். உடனே தேவகோபத்தின் ஏழு கலசங்களில் கடைசியானது ஊற்றப்பட்டு, சிங்காசனத்திலிருந்து "ஆயிற்று" என்ற சத்தம் பிறக்கிறது. அர்மகெதோன் என்ற பெயரில் ஒலிப்பது மெகிதோ. இஸ்ரவேலின் நினைவில் மெகிதோ என்பது தெபொராளும் பாராக்கும் சிசெராவின் இரும்பு ரதங்களை வென்ற இடம்; நல்ல அரசன் யோசியா கி.மு. 609இல் பார்வோன் நேகோவின் கையில் மாண்ட இடமும் அதுவே. வெற்றியும் துயரமும் சேர்ந்து படிந்த அந்தப் பெயரைத் தேவனுக்கு விரோதமாக உலகம் திரளும் கடைசி எதிர்ப்புக்குச் சூட்டுவது இயல்பானது. அந்தச் சமவெளியில் எந்த நாட்டின் படை எந்தத் திசையிலிருந்து வரும் என்று வரைபடம் வரைவது, வசனம் கேட்காத வேலை.

பாபிலோனைப் பற்றி ஒரு சொல். ஏழு மலைகளின்மேல் உட்கார்ந்து, பூமியின் ராஜாக்கள்மேல் ராஜ்யபாரம்பண்ணும் மகா நகரம் என்றால் முதல் வாசகருக்கு ரோமாபுரியைத் தவிர வேறொன்றும் தோன்றியிருக்காது. பதினெட்டாம் அதிகாரத்தில் அவளுடைய வர்த்தகர் புலம்பும்போது, அவர்கள் விற்க முடியாமல்போன சரக்குகளின் நீண்ட பட்டியல் வருகிறது: பொன், வெள்ளி, இரத்தினங்கள், முத்துக்கள், இரத்தாம்பரம், பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், திராட்சரசம், எண்ணெய், கோதுமை, மாடுகள், ஆடுகள், குதிரைகள், இரதங்கள் என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள் என்று முடிகிறது. பொன்னில் தொடங்கும் கணக்குப்புத்தகத்தின் கடைசி வரியில் மனிதர் சரக்காக நிற்கிறார்கள். தீமை என்பது கொம்பும் வாலுமாக மட்டும் வராது, ஒழுங்காக எழுதப்பட்ட வியாபாரக் கணக்காகவும் வரும் என்று யோவான் கண்டிருக்கிறார். "என் ஜனங்களே, அவளைவிட்டு வெளியே வாருங்கள்" என்ற அழைப்பு அதனால்தான் எந்தக் காலத்துச் சபைக்கும் பொருந்துகிறது.

புத்தகத்தின் கால ஓட்டத்தை நேர்கோடாகக் கொள்ள முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆறாம் முத்திரை உடைக்கப்படும்போதே வானம் சுருட்டப்பட்ட புஸ்தகம்போல் விலகிப்போகிறது, மலைகளும் தீவுகளும் இடம்விட்டு அகலுகின்றன. ஏழாம் எக்காளத்தில் உலகத்தின் ராஜ்யங்கள் கர்த்தருக்கும் அவருடைய கிறிஸ்துவுக்குமுரியவைகளாகின்றன. ஏழாம் கலசத்தில் தீவுகள் மறுபடியும் அகன்றுபோகின்றன. உலகம் மூன்று தடவை முடிய முடியாது. ஒரே முடிவை மூன்று சுற்றுகளில் யோவான் காண்கிறார். இன்று கைக்குக் கிடைக்கும் இலத்தீன் உரைகளில் மிகப் பழையதை எழுதிய பெட்டாவு நகரத்து விக்டோரினஸ், மூன்றாம் நூற்றாண்டிலேயே கலசங்கள் எக்காளங்கள் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன என்று கண்டிருந்தார். 42 மாதங்கள், 1260 நாட்கள், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் ஆகிய மூன்றும் ஒரே அளவுதான்: ஏழின் பாதி, தானியேலிலிருந்து எடுக்கப்பட்டது. துன்பத்தின் காலம் முழுமையை எட்டாமல் பாதியிலே முறிக்கப்படும் என்பதே அதன் ஆறுதல்.

இருபதாம் அதிகாரத்தில் சாத்தான் கட்டப்பட்டிருக்க, பரிசுத்தவான்கள் கிறிஸ்துவோடு அரசாளும் ஆயிரம் வருடங்களைப் பொறுத்தவரை, கிறிஸ்தவர்கள் ஆதியிலிருந்தே கருத்து வேறுபட்டிருக்கிறார்கள், அதனால் இதை விசுவாசத்தின் உரைகல்லாக்குவது தவறு. யுஸ்தீன் என்னும் இரத்தசாட்சியும் இரேனியஸும் கிறிஸ்து திரும்பி வந்து பூமியில் ஆயிரம் வருடம் ஆளுவார் என்று நம்பினார்கள். ஆனால் மெய்யான விசுவாசமுள்ள பலர் அப்படி நினைப்பதில்லை என்பதை யுஸ்தீனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், தானும் ஒரு காலத்தில் அந்தக் கருத்தைக் கொண்டிருந்ததாகச் சொல்லி, பின்பு வேறொரு விளக்கம் தந்தார்: பலவானை முந்திக் கட்டினாலொழிய அவன் உடைமைகளைக் கொள்ளையிட முடியாது என்று இயேசு சொன்னதுபோல, சாத்தான் கட்டப்பட்டது கிறிஸ்துவின் முதல் வருகையிலே, ஆயிரம் வருடம் என்பது அதுமுதல் அவர் மறுபடியும் வரும்வரையுள்ள சபையின் காலம் முழுவதும். மேற்குச் சபையில் நூற்றாண்டுகளாக இந்த வாசிப்பே ஓங்கி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையாலும், 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தாலும், விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து வரும் இரகசிய வருகையும் ஏழு வருட உபத்திரவமும் கொண்ட கால அட்டவணை உலகமெங்கும் பரவியது. நான் அகுஸ்தீனின் பக்கம் சாய்கிறேன், ஏனெனில் சாத்தான் கட்டப்படுவதன் நோக்கம் ஜாதிகளை மோசம்போக்காதபடி என்று குறுக்கிச் சொல்லப்பட்டிருக்கிறது. சுவிசேஷம் எல்லா ஜாதிகளுக்கும் போகிற காலத்துக்கு அது பொருந்துகிறது. பேதுரு தம் நிருபத்தில் பிசாசைக் கெர்ச்சிக்கிற சிங்கமாகச் சுற்றித்திரிகிறவன் என்று சொல்வது இந்த வாசிப்புக்கு எதிரான வலுவான ஆட்சேபணை. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது என்பதால்தான் மாற்றுக் கருத்துடையவர்களோடு பொறுமையாகப் பேச வேண்டும் என்கிறேன்.

நாள் குறிப்பது மட்டும் எந்தக் கருத்துடையவருக்கும் அனுமதிக்கப்படாதது. இயேசு அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி ஃபியோரேயின் யோவாக்கீமைப் பின்பற்றியவர்கள் 1260ஆம் ஆண்டை எதிர்பார்த்தார்கள். 1534இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரைப் புதிய எருசலேம் என்று அறிவித்தவர்கள் வாளை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நகரம் வீழ்ந்து இரத்தம் ஆறாக ஓடியது. அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதிக்குக் காத்திருந்து நொறுங்கிப்போனார்கள். ஆட்டுக்குட்டியின் வழியை விட்டுச் சிங்கத்தின் வழியை மட்டும் எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்ஸ்டரே மிகத் துயரமான சாட்சி.

அப்படியானால் எதிர்காலத்தில் ஒன்றும் நடக்காதா? நடக்கும். அடையாள வாசிப்பைத் தவறாகக் கையாளுகிறவர்கள் செய்யும் பிழை, எல்லாவற்றையும் மனதுக்குள் நிகழும் நன்மை தீமைப் போராட்டமாகச் சுருக்கிவிடுவது. கொல்லப்பட்டவர்கள் கேட்கும் நியாயம் மனதுக்குள் தீர்க்கப்படக்கூடியதல்ல. கிறிஸ்து மெய்யாகவே திரும்பி வருவார், மரித்தோர் மெய்யாகவே எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு மெய்யாகவே உண்டு என்பதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது எந்தத் தரிசனமும் இல்லாமல் நேர்ச்சொற்களில் சொல்கிறார்: பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம். யோவான் அதையே தரிசனமாகக் காண்கிறார்: மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன. மரணம் என்பது தூக்கி எறியக்கூடிய பொருள் அல்ல என்பது யோவானுக்கும் தெரியும். ஆனால் அது இனி ஒருவரையும் எடுத்துச்செல்லாது என்ற உண்மை அந்தப் படத்தைவிடப் பெரியதே தவிரச் சிறியதல்ல. சிலுவையில் தீர்ந்த வெற்றியும், கடைசி நாளில் வெளிப்படும் வெற்றியும் ஒன்றே. நடுவில் சாட்சிகளின் காலம் இருக்கிறது.

புதிய எருசலேமின் அளவும் இதைப் போன்றது. அதன் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாகப் பன்னீராயிரம் ஸ்தாதி, அதாவது ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். அத்தனை உயரமான கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்று யோசிப்பவர், சாலொமோனின் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலமும் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருபது முழமாக இருந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும் நுழைந்த அந்தச் சிறிய அறை, முழு நகரமாக விரிந்துவிட்டது. அதனால்தான் நகரத்தில் தேவாலயம் இல்லை. மிருகம் எழுந்துவந்த சமுத்திரமும் இல்லாமல்போகிறது. என்னை மிகவும் ஆச்சரியப்படுத்துவது வேறொன்று: பத்தொன்பதாம் அதிகாரத்தில் எதிர்த்து நின்ற பூமியின் ராஜாக்கள், இருபத்தோராம் அதிகாரத்தில் தங்கள் மகிமையை அந்த நகரத்துக்குள் கொண்டுவருகிறார்கள்; ஜீவவிருட்சத்தின் இலைகள் ஜனங்கள் ஆரோக்கியமடைகிறதற்கு ஏதுவானவைகள். இந்த ராஜாக்கள் யார், எப்படி உள்ளே வந்தார்கள் என்பதில் உரையாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. நான் இதில் எந்தக் கோட்பாட்டையும் நிறுவ முயலவில்லை. ஆனால் தேவனுடைய ஜெயம் சத்துருக்களை அழிப்பதோடு நின்றுவிடாமல் ஜாதிகளைக் குணமாக்குவதை நோக்கிப் போகிறது என்பதை வசனம் அழுத்தமாகவே சொல்கிறது.

வாசிக்கத் தொடங்குகிறவருக்கு என் ஆலோசனை, மிருகத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது. முதலில் ஏழு சபைகளுக்கான கடிதங்களையும் நான்கு, ஐந்தாம் அதிகாரங்களையும் பொறுமையாக வாசியுங்கள். ஒவ்வொரு கடிதமும் ஜெயங்கொள்ளுகிறவனுக்கு ஒரு வாக்குத்தத்தத்தோடு முடிவதையும், அவற்றில் பல கடைசி இரண்டு அதிகாரங்களில் நிறைவேறுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்காளங்களையும் கலசங்களையும் வாசிக்கும்போது யாத்திராகமம் 7 முதல் 15 வரை திறந்து வையுங்கள்: இரத்தமாக மாறும் தண்ணீர், கல்மழை, வெட்டுக்கிளி, இருள், கொப்புளம், தவளை எல்லாம் அங்கிருந்து வந்தவை, கடலோரத்தில் பாடப்படும் மோசேயின் பாட்டும் அங்கிருந்தே வருகிறது. பதின்மூன்றாம் அதிகாரத்துக்குத் தானியேல் 7 வேண்டும். இருபதாம் அதிகாரத்திலிருந்து முடிவுவரை எசேக்கியேல் 37 முதல் 48 வரை பக்கத்தில் இருக்கட்டும்; உலர்ந்த எலும்புகள் உயிர்பெறுதல், கோகின் படையெடுப்பு, உயரமான மலையிலிருந்து காணும் புதிய ஆலயமும் அதிலிருந்து ஓடும் நதியும் என்ற அதே வரிசையில்தான் யோவானும் உயிர்த்தெழுதல், கோகு மாகோகு, புதிய நகரம், ஜீவத்தண்ணீருள்ள நதி என்று போகிறார். செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து இந்தப் புத்தகத்தை வாசித்தவர்களுக்கு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் விளக்கம் மாறியிருக்கிறது. பழைய ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஏழு சபைகளின் விசுவாசிகள் வாசிப்பைக் கேட்டபோது எதைப் புரிந்துகொண்டிருப்பார்களோ அதன் அருகில் போய்ச் சேரலாம்.